ஆவாத கல்லு

போன மாதம் மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். காபி வருவதற்குள் விரலில் இருந்த மோதிரத்தை உருவி என் உள்ளங்கையில் வைத்தார். புதன் சரியில்லை, பச்சை போடுங்கள் என்று ஜோசியர் சொல்லிவிட்டார். மரகதத்தின் விலையைக் கேட்டுவிட்டு மாமா கடையிலேயே உட்கார்ந்துவிட்டாராம். கடைக்காரர் தண்ணீர் கொடுத்து, "உபரத்தினம் போட்டாலும் அதே பலன்தான் சார்" என்று பெரிடாட் என்ற ஒரு பச்சைக்கல்லைக் காட்டியிருக்கிறார்.

"மாப்ளே, நீ கல்லு படிச்சவன். இது நெசக் கல்லா, பாட்டில் கண்ணாடியா? பாத்துச் சொல்லு."

மாமா சேலத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். வெள்ளியில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது. உரசிப் பார்க்கக்கூட வேண்டாம், கீழே போட்டால் வரும் சத்தத்திலேயே மாற்றுச் சொல்லிவிடுவார். கல் என்றால் மட்டும் ஒரு பயம். நான் படித்தது நிலவியல். பார்க்கிற வேலை போர்வெல் போடுகிறவர்களுக்குத் தண்ணீர் பாயின்ட் காட்டுவது. ஆனாலும் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று கல்லூரிக் காலத்திலிருந்து பையில் கிடக்கிறது.

லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்து, கல்லை அதற்குக் கிட்டே கொண்டுவந்து, மேல்பட்டை வழியாக அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். அடியில் பட்டைகள் சந்திக்கிற கோடுகள் தெரியும். கண்ணாடியாக இருந்தால் ஒவ்வொன்றும் ஒற்றைக் கோடு. பெரும்பாலும் கூடவே ஒன்றிரண்டு காற்றுக் குமிழி. மாமாவின் கல்லில் எல்லாக் கோடும் ரெட்டையாக இருந்தது. கலர் விலகி அச்சான சிவகாசிக் காலண்டரில் சாமிக்குப் புருவமெல்லாம் ரெட்டையாக விழுமே, அது மாதிரி. உள்ளே நுழைகிற ஒளியை இந்தப் படிகம் இரண்டாகப் பிரித்து அனுப்புகிறது. மரகதமும் பிரிக்கும், ஆனால் லென்ஸுக்குத் தெரியாத அளவு கொஞ்சமாக. கண்ணாடியால் அது முடியவே முடியாது.

ஓரத்தில் கடுகைவிடச் சின்னதாக ஒரு கரும்புள்ளி. அதைச் சுற்றி வட்டமாக ஒரு மெல்லிய விரிசல், ஒளி பட்டால் மினுங்குகிறது. நகைத்தொழிலில் இதற்கு அல்லி இலை என்று பெயர். நடுவில் இருக்கும் புள்ளி பெரும்பாலும் குரோமைட் என்ற கருப்புக் கனிமமாக இருக்கும். அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நெசக் கல்லுதான் மாமா. உங்கம்மா இருபது வருஷம் தூக்கிப் போட்ட கல்லு."

மாமாவுக்குக் கோபம். ஏழாயிரம் கொடுத்தவருக்கு வராதா என்ன.

ஆனால் நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஆயா, அதாவது மாமாவின் அம்மா, ஏற்காட்டு அடிவாரத்தில் இருக்கும் மேக்னசைட் என்கிற வெள்ளைக்கல் குவாரியில் கல் உடைக்கப் போய்க்கொண்டிருந்தது. (எங்கள் பக்கம் ஆயாவை ‘வந்தது, போனது’ என்றுதான் சொல்வோம். மரியாதைக் குறைவு இல்லை, நெருக்கம்.) சேலம் ஜங்ஷனுக்குப் பக்கத்தில் மேக்னசைட் ஜங்ஷன் என்றே ஒரு ஸ்டேஷன் இருக்கிறது. ஒரு கனிமத்தின் பெயரை ரயில்வே ஸ்டேஷனுக்கு வைத்த ஊர் எத்தனை இருக்கும் என்று எனக்குத் தெரியாத வயதிலேயே அதில் ஒரு பெருமை.

பள்ளிக்கூட லீவில் தூக்குப்போசியில் சோறு எடுத்துக்கொண்டு நான் குவாரிக்குப் போவேன். வெடி வைத்துப் பெயர்த்த பாறையைக் கொண்டுவந்து குவித்திருப்பார்கள். குவியலைச் சுற்றிப் பெண்கள், தலையில் துண்டு, கையில் சின்னச் சுத்தியல். ஒரு கல்லை அடிக்கல்லின் மேல் நிறுத்தி, இடது கையால் திருப்பித் திருப்பி வலது கையால் தட்டுவார்கள். வெள்ளைக்கல் சுத்தமாகப் பிரிந்துவரும். உடைந்த இடம் பீங்கான் கோப்பை உடைந்த மாதிரி வழவழவென்று வளைந்திருக்கும். அதில் ஒட்டிக்கொண்டிருக்கும் பழுப்பும் பச்சையுமான பாறையைத் தட்டிக் கழிப்பதுதான் வேலையே. வெள்ளை கூடைக்கு. மிச்சம் முதுகுக்குப் பின்னால். பச்சை ஒட்டிக்கொண்டு கூடைக்குப் போனால் மேஸ்திரி அப்படியே கவிழ்த்துவிடுவார், அன்றைய கூலியில் அடி விழும்.

எனக்கு அந்தப் பின்பக்கக் குவியல்தான் பிடிக்கும். வெளியே பழுப்பாக, துருப்பிடித்த மாதிரி இருக்கும் கல்லை இன்னொரு கல்லால் ஓங்கி அடித்தால் உள்ளே நாட்டுச் சர்க்கரைக் கட்டி மாதிரி பொடிப்பொடியான மணிகள். ஒவ்வொரு மணியும் வெளிர்ப்பச்சை. எச்சில் தொட்டுத் தேய்த்து வெயிலில் காட்டினால் மினுங்கும். டவுசர் பை நிறைய எடுத்து வைத்துக்கொள்வேன்.

"அதை எதுக்குச் சாமி எடுக்கற? அது ஆவாத கல்லு. போட்டுட்டு வா."

அந்த ஆவாத கல்லுக்கு டியூனைட் என்று பெயர் இருப்பது கல்லூரியில்தான் தெரிந்தது. நியூசிலாந்தில் நெல்சன் நகருக்குப் பக்கத்தில் டன் மவுன்டன் என்று ஒரு மலை. புல்பூண்டு சரியாக முளைக்காத, பழுப்பேறிய மலை. 1859-ல் ஹாக்ஸ்டெட்டர் என்ற நிலவியலாளர் அந்த மலையின் பெயரையே பாறைக்கும் வைத்தார். டியூனைட் முழுக்க ஏறக்குறைய ஒரே கனிமம்தான்: ஆலிவின். நடுநடுவே கருப்பாகக் குரோமைட் துளிகள். ஆலிவின் மணி பெரிதாக, விரிசல் இல்லாமல், கண்ணாடி போலத் தெளிவாக அமைந்தால் அதைப் பட்டை தீட்டிப் பெரிடாட் என்று விற்கிறார்கள். சேலத்தில் அப்படிப் பட்டை தீட்டும் தரத்தில் நான் பார்த்ததில்லை; இங்கே எல்லாம் பொடி மணிதான். கனிமம் மட்டும் அதே கனிமம். மாமா வீட்டு வேலைக்காரப் பையனும் கலெக்டரும் ஒரே ஊர்க்காரர்கள் என்கிற மாதிரி.

ஆலிவ் காயின் நிறம் என்பதால் வெர்னர் என்ற ஜெர்மானியர் வைத்த பெயர் அது. ஆலிவ் காயை நான் முதலில் பார்த்ததே பீட்சாவின் மேல்தான், அதுவும் கருப்பாக. வெர்னர் சேலத்தில் பிறந்திருந்தால் பச்சைப்பயறு என்று வைத்திருப்பார். அதுதான் சரியான நிறமும்.

இந்தப் பச்சை எங்கிருந்து வருகிறது என்பதில் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. மரகதம் அசலில் நிறமில்லாத கனிமம். அதில் குரோமியமோ வனேடியமோ துளி கலந்தால்தான் பச்சை. ஆலிவினில் அப்படி வெளியாள் யாரும் இல்லை. ஒரு சிலிக்கனைச் சுற்றி நாலு ஆக்சிஜன், இந்தக் கூட்டங்களுக்கு நடுவில் மக்னீசியமும் இரும்பும். அந்த இரும்புதான் நிறம். அதாவது மரகதத்தின் பச்சை வாங்கிப் பூசியது, இதன் பச்சை கூடப்பிறந்தது. மாமாவைச் சமாதானப்படுத்த இதைச் சொல்லிப் பார்த்தேன். "அப்ப ஏன் இது விலை கம்மி?" என்றார். வியாபாரி வியாபாரிதான்.

விலை கம்மியாக இருப்பதற்குக் காரணம், இது உலகத்தில் ஏராளமாக இருப்பதுதான். ஏராளம் என்றால், காலுக்கு அடியில் சில நூறு கிலோமீட்டர் வரை இருக்கும் எல்லாவற்றையும்விட அதிகமாக. நாம் நிற்கும் கண்டத்தின் மேலோடு சராசரியாக 35, 40 கிலோமீட்டர் தடிமன். அதற்குக் கீழே மேன்டில் என்கிற பிரம்மாண்டமான பாறை அடுக்கு ஆரம்பிக்கிறது. அதன் மேல்பகுதியில், சுமார் 410 கிலோமீட்டர் ஆழம் வரைக்கும், பாதிக்கு மேல் ஆலிவின். சேலத்துக்கு அடியிலும், சென்னைக்கு அடியிலும், பசிபிக்குக்கு அடியிலும். கடல் நீலம், மண் பழுப்பு என்று நாம் பாடம் படித்தோம். மேலோட்டை உரித்துவிட்டுப் பார்த்தால் பூமி பச்சை.

உரித்துப் பார்க்கத்தான் முடியாது. ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் சோவியத் விஞ்ஞானிகள் இருபது வருஷம் போல துளை போட்டார்கள். 12,262 மீட்டர். தண்ணீர் பாயின்ட் காட்டுகிற எனக்கு 1,000 அடி தாண்டினாலே வீட்டுக்காரர் முகம் மாறுவது தெரியும், அதனால் அந்த எண்ணின் மேல் தனி மரியாதை உண்டு. அவ்வளவு போயும் அங்கே மேலோட்டின் மூன்றில் ஒரு பங்குதான் ஆகியிருந்தது. மேன்டில் கண்ணிலேயே படவில்லை.

ஆகவே அது தானாக மேலே வந்தால்தான் உண்டு. வருகிற வழிகள் கொஞ்சம்தான். எரிமலை ஒன்று. ஹவாயின் பெரிய தீவில், தென்முனைக்குப் பக்கத்தில் பாப்பகோலேயா என்று ஒரு கடற்கரை. மணல் பச்சையாக இருக்கும். சுமார் 49,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்த ஒரு சிறு எரிமலைக் குன்றைக் கடல் அரித்துக்கொண்டே இருக்கிறது. லேசான சாம்பல் துகளை அலை இழுத்துப் போகிறது, கனமான ஆலிவின் மணி கரையிலேயே தங்கிவிடுகிறது. முறத்தில் புடைக்கிற கணக்குதான், தண்ணீரில் நடக்கிறது. அரிசோனாவில் சான் கார்லோஸ் அபாச்சி மக்களின் நிலத்தில் இன்னொரு விதம்: எரிமலைக் குழம்பு மேலே ஏறும்போது வழியில் மேன்டில் பாறையைக் கட்டி கட்டியாகப் பிய்த்துக்கொண்டு வந்து கொட்டியிருக்கிறது. கருங்கல்லுக்குள் பச்சை உருண்டை, பார்க்க அசப்பில் கொழுக்கட்டைக்குள் பூரணம். அபாச்சிகள் அதைத் தோண்டி விற்கிறார்கள். பெரிடாட் வியாபாரத்தில் அந்த இடத்துக்கு நல்ல பெயர். உலகமெங்கும் உயர் அழுத்தச் சோதனை செய்கிற ஆய்வகங்கள் ஆலிவின் வேண்டும் என்றால் வாங்கிவைப்பதும் பெரும்பாலும் சான் கார்லோஸ் கல்லைத்தான்.

வானத்திலிருந்தும் விழுந்திருக்கிறது. பல்லசைட் என்ற வகை விண்கல்லை அறுத்தால் வெள்ளி மாதிரிப் பளபளக்கும் இரும்பு-நிக்கலுக்குள் ஆலிவின் படிகங்கள் பதித்துவைத்த மாதிரி இருக்கும். 1772-ல் சைபீரியாவில் அப்படி ஒன்றைப் பார்த்து எழுதிய பல்லாஸ் பெயரில் அந்த வகைக்கே பெயர். படத்தை மாமாவிடம் காட்டினேன். வெள்ளியில் பச்சைக்கல் பதித்த வேலை என்றுதான் முதலில் நினைத்தார். "யார் செஞ்சது, நம்ம செவ்வாப்பேட்டையா?"

இதையெல்லாம்விட எனக்குப் பிடித்தது செங்கடலில் இருக்கும் சபர்கத் தீவு. எகிப்துக்குச் சொந்தம், ஒரு மரம் மட்டை கிடையாது, நடந்தே சுற்றிவரலாம் என்கிற அளவுதான். ஆப்பிரிக்காவும் அரேபியாவும் பிரிந்து விலகுவதால் உண்டான கடல் செங்கடல். அந்த இழுபறியில் மேன்டிலின் ஒரு துண்டு அப்படியே மேலே தள்ளப்பட்டுத் தீவாக நிற்கிறது. நகைக்குரிய ஆலிவினுக்கு உலகத்திலேயே மிகப் பழைய சுரங்கம் அங்கேதான். அரபியில் சபர்ஜத் என்றாலே இந்தக் கல்.

ஈராயிரம் ஆண்டுக்கு முன்னால் ஸ்ட்ராபோ என்ற கிரேக்கர் இந்தத் தீவைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார். அவர் சொல்லும் பெயருக்குப் பாம்புத் தீவு என்று அர்த்தம். ஓர் அரசன் பாம்புகளை ஒழித்தானாம். வெயிலில் கல் கண்ணுக்குப் படாது என்பதால் இரவில் போய்த் தேடுவார்கள். மினுங்குகிற இடத்தின் மேல் ஒரு பாத்திரத்தைக் கவிழ்த்து அடையாளம் வைத்துவிட்டு வந்து, விடிந்ததும் தோண்டுவார்கள். காவலுக்கு அரசர்கள் வைத்த ஆட்கள் வேறு. ஆலிவின் இருட்டில் தானாக ஒளிராது, அது கதைதான். தீப்பந்தம் பிடித்துக்கொண்டு போயிருந்தால் மினுங்கியிருக்கலாம். விளக்கு வெளிச்சத்திலும் நிறம் மங்காத கல் என்பதால் இதற்கு அந்தி மரகதம் என்று ஒரு செல்லப்பெயரே உண்டு. கதையில் எனக்குப் பிடித்தது அந்தக் கவிழ்த்த பாத்திரம். நாங்கள் தண்ணீர் பாயின்ட்டுக்குச் செங்கல் வைத்துவிட்டு வருகிற மாதிரியே. ராத்திரியில் யாராவது செங்கலை நகர்த்தி வைத்துவிட்டால் தீர்ந்தது. அப்படி ஒருமுறை ஆகி, பக்கத்துக் காட்டுக்காரருக்குத் தண்ணீர் கிடைத்த கதை தனி.

அந்தத் தீவை மூடுபனி மறைத்துவிடும், மாலுமிகள் தேடித்தேடி அலைவார்கள் என்கிறார் ரோமானியரான பிளினி. அந்தப் பக்கத்து மொழியில் ‘தேடு’ என்ற சொல்லிலிருந்துதான் டோபாஸ் என்ற பெயர் வந்தது என்பது அவர் கணக்கு. அதாவது அந்தக் காலத்து டோபாஸ் நம் பச்சைக்கல். பிற்பாடு பெயர் மட்டும் கைமாறி இன்னொரு கனிமத்துக்குப் போய்விட்டது. போதாக்குறைக்கு ஐரோப்பாவில் மரகதம் என்று நூற்றாண்டுக்கணக்கில் போற்றி வைத்திருந்த சில பெரிய கற்கள் பெரிடாட் என்று பிறகு தெரியவந்தது. சொந்தப் பெயர் நிலைக்காத கல். தமிழிலும் பாருங்கள், நவரத்தினத்தில் இடமில்லை, உபரத்தினம் என்று துணைக்கு நிற்க வைத்திருக்கிறோம். ஆயாவைக் கேட்டால் ஆவாத கல்லு.

மேன்டில் பற்றி ஒரு வார்த்தை பாக்கி இருக்கிறது. 410 கிலோமீட்டரில் ஆலிவின் ஏன் நின்றுவிடுகிறது? நிற்கவில்லை, உருமாறுகிறது. அழுத்தம் தாங்காமல் அதே அணுக்கள் இன்னும் நெருக்கமாக அடுக்கிக்கொள்கின்றன. பூகம்ப அலைகள் அந்த ஆழத்தைத் தொட்டதும் சட்டென்று வேகமெடுப்பதை வைத்துத்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். இன்னும் கீழே, 520 கிலோமீட்டர் வாக்கில், ரிங்வுடைட் என்று அடுத்த அவதாரம். அதை விண்கல்லில் பார்த்திருந்தார்கள், பூமிக்குள்ளிருந்து வந்த மாதிரி கையில் சிக்கியதில்லை. பிரேசிலில் ஜூயினா என்ற இடத்தில் கிடைத்த, நகைக்கு உதவாத ஒரு பொடி வைரத்துக்குள் கண்ணுக்கே தெரியாத துகளாக அது இருந்ததை 2014-ல் கிரகாம் பியர்சனின் குழு அறிவித்தது. அந்தத் துகளின் எடையில் சுமார் 1.5 சதவீதம் தண்ணீர். ஓடுகிற தண்ணீர் அல்ல, படிகத்துக்குள் கட்டுண்டது. அத்தனை ஆழத்துத் தண்ணீருக்குப் பாயின்ட் காட்டச் சொல்லி யாரும் என்னைக் கேட்கப்போவதில்லை.

இப்போது சேலத்துக்கே வருகிறேன். ஆயா கூடையில் போட்ட வெள்ளைக்கல் எங்கிருந்து வந்தது?

வெள்ளைக்காரர்கள் இந்தக் குன்றுகளுக்குச் சாக் ஹில்ஸ் என்று பெயர் வைத்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் சுண்ணாம்பு மலை போலத் தெரியும். கல்லூரியில் முதல் வருஷம், எங்கள் பேராசிரியர் ஒரு வெள்ளைக்கல்லை மேசையில் வைத்து அதன் மேல் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டார். சுண்ணாம்புக்கல்லாக இருந்தால் சர்ரென்று நுரைத்திருக்கும். இது சும்மா ஈரமாக உட்கார்ந்திருந்தது. கல்லைச் சுரண்டிப் பொடியாக்கி, அமிலத்தைக் கொஞ்சம் சூடாக்கி மறுபடி விட்டார். இப்போது மெதுவாகக் குமிழி வந்தது. "ஊர்ப் பெயரே தப்பு. இது சுண்ணாம்பு இல்லை, மக்னீசியம் கார்பனேட்" என்றார். இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் மிடில்மிஸ் 1896-லேயே இந்தக் குன்றுகளின் பாறைகளைப் பற்றி விவரமாக எழுதிவிட்டார். பெயரைத்தான் யாரும் மாற்றவில்லை.

அப்புறம் குவாரிக்குக் கூட்டிப்போனார். ஆயாவின் குவாரிதான். சின்ன வயதில் நூறு தடவை பார்த்த வெட்டு முகத்தை அன்றைக்குத்தான் சரியாகப் பார்த்தேன். பழுப்புப் பாறை முழுக்க வெள்ளை நரம்புகள், குறுக்கும் நெடுக்குமாக. வறண்ட ஏரியின் வெடிப்புகளில் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றினாற்போல. விரல் தடிமனில் சில, ஆள் உயரத்துக்குச் சில. வெள்ளை தனியாக எங்கிருந்தோ வந்து படிந்த கல் அல்ல. பாறையின் விரிசல்களில் தண்ணீர் புகுந்திருக்கிறது. அதில் கரைந்திருந்த கரியமில வாயு ஆலிவினிலிருந்த மக்னீசியத்தைப் பிடித்துக்கொண்டு வெள்ளைக்கல்லாக உறைந்துவிட்டது. மிச்சமான சிலிக்கா அங்கங்கே கால்செடனியாக, ஓபலாகக் கிடக்கிறது. பச்சை செத்துத்தான் வெள்ளை பிறந்திருக்கிறது. ஆயா தட்டித்தட்டிப் பிரித்தது தாயையும் பிள்ளையையும்.

இது ஏன் இவ்வளவு சுலபமாகச் சாகிறது என்றால், ஆலிவினின் சிலிக்கன் கூட்டங்கள் ஒன்றோடொன்று கை கோர்ப்பதில்லை. குவார்ட்ஸில் எல்லாம் கைகோர்த்து நிற்கும். அதனால்தான் ஆற்று மணலாகி உருண்டாலும் அழிவதில்லை. ஆலிவினில் ஒவ்வொரு கூட்டமும் தனித்தனி, நடுவில் மக்னீசியம்தான் பசை. பசையை உருவிவிட்டால் வீடு இடிந்துவிடும். மேன்டிலின் சூட்டுக்கும் அழுத்தத்துக்கும் பழகிய கல்லுக்கு நம் மழையும் காற்றும் ஆகவில்லை. காலுக்கு அடியில் இவ்வளவு ஏராளமாக இருக்கும் கல் நம் தெருவில் கிடைக்காததற்கு இதுதான் காரணம்.

மூன்று வருஷத்துக்கு முன் மஸ்கட்டில் வேலை பார்க்கும் சித்தி பையன் வாட்ஸப்பில் ஒரு போட்டோ அனுப்பினான். வெள்ளிக்கிழமை லீவில் மலைக்கு வண்டி ஓட்டிப் போயிருக்கிறான். பழுப்பு மலைச்சரிவு, மேலெல்லாம் வெள்ளை நரம்பு.

"அண்ணா, இது நம்ம வெள்ளக்கல்பட்டி மாதிரியே இல்ல?"

மாதிரியே இல்லை, அதேதான். ஓமனின் சமாயில் மலைகள் ஒரு காலத்துக் கடலடித் தரையும் அதன் கீழிருந்த மேன்டிலும் மொத்தமாகத் தரையேறியவை. அங்கேயும் ஆலிவின் பாறை தண்ணீரையும் கரியமில வாயுவையும் குடித்து வெள்ளை நரம்பாக மாறிக்கொண்டிருக்கிறது. பீட்டர் கெலமன், யூர்க் மேட்டர் என்ற இருவர் 2008-ல் கணக்குப் போட்டுச் சொன்னார்கள்: ஓமன் மலைகள் ஆண்டுக்கு 10,000 முதல் 1,00,000 டன் வரை காற்றின் கரியமில வாயுவைத் தாமாகவே கல்லாக்குகின்றன. ஆள் வைக்காமல், மின்சாரம் இல்லாமல்.

உடனே உலகம் முழித்துக்கொண்டது. பாறைக்குள் வாயுவை அழுத்தி ஏற்றலாமா, ஆலிவினை மாவாக அரைத்து வயலிலும் கடற்கரையிலும் தூவலாமா என்று ஆராய்ச்சிகள் நடக்கின்றன. கணக்கு அழகாகத்தான் இருக்கிறது: சுத்தமான மக்னீசிய ஆலிவின் 100 கிலோ முழுக்க மாறினால் சுமார் 63 கிலோ கரியமில வாயுவைப் பிடித்துவைக்கும். எனக்கு முழு நம்பிக்கை இல்லை. மாவாக அரைக்க மின்சாரம் வேண்டும், ஏற்றிப்போக லாரி வேண்டும், டியூனைட்டில் நிக்கலும் குரோமியமும் உண்டு, அது எந்த வயலுக்குப் போகும் என்று யோசிக்க வேண்டும். அதோடு இந்தக் கல்லுக்கு நம் அவசரம் தெரியாது.

ஆனால் இந்தக் கணக்கைப் போடும்போது எனக்கு ஆயாவின் கூடைதான் ஞாபகம் வந்தது. மேக்னசைட்டின் எடையில் 52 சதவீதம் கரியமில வாயு. அந்தக் கூடைகளை என்ன செய்தார்கள்? சூளைக்கு அனுப்பினார்கள். 1,500 டிகிரிக்கு மேல் சுட்டு எடுத்தால் மக்னீசியம் ஆக்சைடு கிடைக்கும். 2,800 டிகிரி வரை உருகாத சரக்கு, எஃகு ஆலைகளின் உலைகளுக்கு உள்பூச்சுச் செங்கல்லாகப் போகிறது. 100 கிலோ வெள்ளைக்கல் சூளைக்குள் போனால் 48 கிலோ வெளியே வரும். மீதி 52 கிலோ புகைபோக்கி வழியாகப் போய்விடும், எரித்த எண்ணெயின் புகை தனி. உலகம் இன்றைக்கு ஆலிவினிடம் கெஞ்சுகிற வேலையைச் சேலம் பாறை எந்தக் காலத்திலோ செய்து முடித்து, வாயுவைக் கல்லாக்கிப் பூட்டி வைத்திருந்தது. நாம் நூறு வருஷத்துக்கு மேலாக அந்தப் பூட்டைக் கூடை கூடையாகத் திறந்துவிட்டுக்கொண்டிருக்கிறோம்.

இதைக் குற்றமாகச் சொல்ல எனக்கு வாய் வராது. அந்தக் கூலியில்தான் அம்மாவும் மாமாவும் வளர்ந்தார்கள். நான் படித்ததிலும் அதில் பங்கு உண்டு. ஆயாவுக்குக் கடைசி வரை இருமல் இருந்தது, குவாரிப் புழுதி என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

முதுகுக்குப் பின்னால் எறிந்த பச்சைக்கும் இப்போது காலம் வந்திருக்கிறது. இரும்புத் தாதுவோடு சேர்த்து உலையில் போட டியூனைட் தேவைப்படுகிறது, மக்னீசியத்துக்காக. சேலத்திலிருந்து மேக்னசைட்டோடு டியூனைட்டும் டன் கணக்கில் விலைபோகிறது.

அன்றைக்குச் சாயங்காலம் மாமாவை பைக்கில் ஏற்றிக்கொண்டு போனேன். வேலிக்கு உள்ளே போக முடியாது. ரோட்டோரத்தில் பழைய கழிவுக் குவியல் சரிந்து கிடக்கும் இடம் ஒன்று உண்டு, அங்கே நிறுத்தினேன். கருவேலஞ்செடி முளைத்துக் கிடந்தது. கைக்கு அடக்கமான ஒரு பழுப்புக் கல்லைப் பொறுக்கி இன்னொன்றின் மேல் ஓங்கிப் போட்டேன். நாலாவது அடிக்கு உடைந்தது. பாட்டில் தண்ணீரை ஊற்றிக் கழுவி மாமாவிடம் கொடுத்தேன். லென்ஸையும் கொடுத்தேன்.

ரொம்ப நேரம் பார்த்தார். மோதிர விரலைக் கல்லுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "அதே பச்சைதான்" என்றார். பிறகு, "கருப்பா புள்ளி புள்ளியா இருக்கே, அதுவும் இதுல இருக்குதா?" என்று மோதிரத்தைக் கழற்றி மறுபடி என்னிடம் நீட்டினார். அல்லி இலையைக் காட்டினேன். இந்த முறை அவர் கண்ணுக்கே தெரிந்தது.

கல்லைப் போட்டுவிட்டு வருவார் என்று நினைத்தேன். சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பட்டறைக்குத் திரும்பியதும் பழக்க தோஷத்தில் அதை எடுத்து வெள்ளி நிறுக்கிற எலெக்ட்ரானிக் தராசில் வைத்தார். 61.4 கிராம். நோட்டை விரித்துத் தேதி போட்டு எடையையும் எழுதிவிட்டு, சரக்கு என்கிற கட்டத்தில் பேனாவை வைத்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன பேரு சொன்னே இதுக்கு?"